இன்டர்சேஞ்ச் டிராக்குல எல்பிஜி டேங்க் கார் வந்தா எப்படி எடுக்கணும்? (ஹெச்ஓ, அமெரிக்கன், 1985)

பெரம்பூர்_ஹெச்ஓ:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னிக்குதான் முதல் தடவையா கேள்வியோட வந்திருக்கேன், கொஞ்சம் பெருசா போயிடுச்சு, பொறுத்துக்குங்க.

வீட்ல பின் ரூம்ல சுவரோரமா 14 அடி நீளம் 16 இஞ்ச் அகலத்துக்கு ஒரு ஷெல்ஃப் லேஅவுட், அதாவது பலகை மேல மாடல் ரயில், வச்சிருக்கேன், ஹெச்ஓ ஸ்கேல் (நெஜத்துல 87ல ஒரு பங்கு). பெரம்பூர்ல உக்காந்துகிட்டு எதுக்குடா அமெரிக்கன் ரயில்னு கேக்காதீங்க, சித்தப்பா ஒருத்தர் அங்கேர்ந்து திரும்பி வரும்போது ரெண்டு பெட்டி நிறைய வண்டி கொண்டு வந்து என் தலையில கட்டிட்டார், அதான் கதை. 1985 வாக்குல ஓடுற ஒரு கற்பனை ஷார்ட்லைன் (சின்ன லோக்கல் ரயில்வே), ஒரு முனையில பர்லிங்டன் நார்தர்ன்ங்கற பெரிய ரயில்வேயோட சேருது. சேர்ற இடத்துல 42 இஞ்சுக்கு ஒரு இன்டர்சேஞ்ச் டிராக், ரெண்டு ரயில்வேயும் வண்டிய கை மாத்திக்கிற இடம், 50 அடி பாக்ஸ் கார்னா (மூடின சரக்குப் பெட்டி) அஞ்சு நிக்கும். பெரிய ரயில்வே அங்க விட்டுட்டு போறத நாங்க இழுத்துட்டு வந்து ஊருக்குள்ள எல்பிஜி டீலர், தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட், மர டிப்போ, கோல்ட் ஸ்டோரேஜ்னு பிரிச்சு குடுப்போம், காலியானத மறுபடி அதே டிராக்ல கொண்டுபோய் விடுவோம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு பேர் சேர்ந்து வேபில் கார்டு (எந்த வண்டி என்ன சரக்கோட எங்க போகணும்னு எழுதினது) வச்சு ஓட்டுவோம், நடுவுல பஜ்ஜி.

போன வாரம் அண்ணனோட ஃபிரெண்டு ஒருத்தர் வந்திருந்தார், டெக்சாஸ்ல கெமிக்கல் கம்பெனில பத்து வருஷம் இருந்தவர். என் டிரெயின் கிளம்புறத பாத்தார். இஞ்சின், அதுக்கு ஒட்டினாப்ல ரெண்டு எல்பிஜி டேங்க், அப்புறம் மரம் ஏத்தின ஃபிளாட் கார் (சுவர் இல்லாத தட்டை வண்டி), அதுக்கப்புறம் குளோரின் டேங்க், கடைசியா கபூஸ், அதாவது நம்ம ஊர் கார்டு வண்டி மாதிரி. மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார், "தம்பி இந்த டிரெயின் யார்டு கேட்டையே தாண்டாது"ன்னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டு கிளம்பிட்டார், ஏன்னு மட்டும் சொல்லல!

அதான் கேக்குறேன். இந்த மாதிரி ஆபத்தான சரக்கு வண்டிய டிரெயின்ல எங்க வைக்கணும்னு ரூல் இருக்கா? இன்டர்சேஞ்ச்ல கை மாறும்போது தனியா ஏதாவது செய்யணுமா, இல்ல கப்ளர் மாட்டி இழுத்துட்டு வந்துடலாமா? காலி டேங்க்னா கவலை இல்லாம எங்க வேணா வைக்கலாம்தானே? பசங்களுக்கு போர் அடிக்காத அளவுக்கு இதெல்லாம் ஓட்டத்துல கொண்டு வரணும், அதான் ஆசை.

டேங்க்கார்_தாசன்:

வாங்க வாங்க. சிரிச்சவர் சரியாத்தான் சிரிச்சிருக்கார் ப்ரோ, உங்க டிரெயின்ல நாலு இடத்துல தப்பு 😄

அங்க இது சட்டம், அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்புல 49 சிஎஃப்ஆர் 174.85னு ஒரு பிரிவு, பிளகார்டு (ஆபத்தான சரக்குன்னு காட்டுற அட்டை) ஒட்டின வண்டி டிரெயின்ல எங்க நிக்கலாம்னு ஒரு டேபிளே போட்டிருக்கு. முழு டேபிள் நமக்கு வேணாம், லோடு டேங்க் காருக்கு உள்ளது மட்டும் சொல்றேன். டிரெயின் நீளமா இருந்தா இஞ்சின்லேர்ந்து எண்ணி ஆறாவது வண்டிக்கு முன்னாடி டேங்க் வரக்கூடாது, அதாவது நடுவுல அஞ்சு சாதா வண்டி இருக்கணும், ஆள் இருக்கிற கபூஸ் பக்கமும் அதே கணக்கு. அந்த அளவுக்கு வண்டி இல்லன்னா டிரெயினோட நடுவுல வைக்கணும், எவ்வளவு சின்ன டிரெயினா இருந்தாலும் இஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒண்ணாவது, கபூசுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒண்ணாவது பிளகார்டு இல்லாத வண்டி இருந்தே ஆகணும். இதுக்குத்தான் பஃபர் கார், கவர் கார்னு பேரு.

அதுக்கு மேல பக்கத்து வீட்டுக்காரன் பிரச்சினை. லோடு டேங்குக்கு பக்கத்துல சரக்கு ஏத்தின ஃபிளாட் கார் நிக்கக்கூடாது (கண்டெய்னர், டிரெய்லர், கார் ஏத்துற வண்டிக்கெல்லாம் விலக்கு இருக்கு, உங்க மர வண்டிக்கு இல்ல). காரணம் சிம்பிள், திடீர்னு பிரேக் அடிச்சா மரம் முன்னாடி சறுக்கிட்டு வந்து டேங்கோட மூஞ்சில குத்தும். அதே மாதிரி இஞ்சின் ஓடிட்டு இருக்கிற வண்டியும் பக்கத்துல ஆகாது, அதாவது டீசல் போட்டு குளிர வைக்கிற மெக்கானிக்கல் ரீஃபர். உங்க கோல்ட் ஸ்டோரேஜுக்கு வர்றது அதுதான்னு நெனைக்கிறேன்.

காலி டேங்க் கேட்டீங்க. காலின்னு நாமதான் சொல்றோம், உள்ள கழுவி காத்து விட்டு சுத்தம் பண்ற வரைக்கும் அது காலி இல்ல, ரெசிட்யூ, அடியில கொஞ்சம் சரக்கும் மேல பூரா கேஸும் இருக்கும். அதனால பிளகார்டு எடுக்க மாட்டாங்க. ரூல் மட்டும் கொஞ்சம் தளர்வு, இஞ்சினுக்கும் ஆள் இருக்கிற கபூசுக்கும் ஒட்டினாப்ல மட்டும் வேணாம், ஒரு வண்டி நடுவுல இருந்தா போதும்.

இப்ப உங்க டிரெயினையே எடுத்துக்குவோம். 2 எல்பிஜி லோடு, 1 குளோரின் ரெசிட்யூ, 1 மர ஃபிளாட், 1 ரீஃபர், கூட 2 பாக்ஸ் கார்னு வச்சுக்குங்க, மொத்தம் ஏழு. இஞ்சின், ஃபிளாட், பாக்ஸ், எல்பிஜி, எல்பிஜி, குளோரின், பாக்ஸ், ரீஃபர், கபூஸ். எண்ணிப் பாருங்க, லோடு டேங்க் ரெண்டும் 3, 4, நடு சென்டர். மரத்துக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு பாக்ஸ், ரீஃபருக்கும் டேங்குக்கும் நடுவுல இன்னொரு பாக்ஸ். அந்த பாக்ஸ் கார்ல ஒண்ணாவது இல்லாம இந்த டிரெயின கட்டவே முடியாது பாருங்க, அதுலதான் விளையாட்டே இருக்கு. வழக்கமா நாம பாக்ஸ் கார கண்டுக்கவே மாட்டோம், இங்க அதுதான் ஹீரோ.

யார்டு_மாமா:

தம்பி, நான் அமெரிக்கா பக்கம் போனதில்ல, ஆனா 31 வருஷம் கூட்ஸ் கார்டா இருந்துட்டு ரிட்டயர் ஆனவன், இப்ப எல்லாம் டிரெயின் மேனேஜர்னு பேர மாத்திட்டாங்களாம், நமக்கு கார்டுதான். தண்டையார்பேட்டை யார்டுலேர்ந்து எத்தனையோ ராத்திரி பெட்ரோல் ரேக்க எடுத்துட்டு போயிருக்கேன், அதனால இந்த இஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவுல வெறும் வண்டி போடுறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல, நாங்க கார்டு வேகன்னு சொல்லுவோம். ஸ்டீம் இஞ்சின் காலத்துல நெருப்புப் பொறி பறக்கும்ல, அப்பேர்ந்து வந்த பழக்கம்னு பெரியவங்க சொல்லுவாங்க. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ரெட் டேரிஃப்னு ஒரு புக்கு, வெடிபொருள், கேஸ், பெட்ரோல், ஆசிட்னு எட்டு வகையா பிரிச்சு வச்சிருக்கும்.

நான் சொல்ல வந்தது கை மாத்துறத பத்தி. நீங்க என்னமோ கப்ளர் மாட்டி இழுத்துட்டு வந்துடலாமான்னு கேட்டீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. ஒருத்தன் குடுத்த வண்டிய இன்னொருத்தன் வாங்குறான்னா முதல்ல சுத்திப் பாக்கணும்யா. எங்களுக்கு டிஎக்ஸ்ஆர், அதாவது டிரெயின் எக்ஸாமினர், வருவார், கையில சுத்தி, டார்ச், சாக்பீஸ். சக்கரம், பிரேக் பிளாக், கப்ளிங், டேங்கோட மேல் மூடி, கீழ் வால்வு, சீல் எல்லாம் பாப்பார். சரியில்லன்னா சாக்பீஸ எடுத்து வண்டி மேல சிக்னு எழுதிடுவார், அப்புறம் அந்த வண்டி பழுது பாக்குற சிக் லைனுக்குத்தான், ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கெஞ்சினாலும் நகராது. எல்லாம் ஓகேன்னா பிரேக் பவர் சர்டிபிகேட்னு ஒரு பேப்பர், அதுல நானும் டிரைவரும் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி கிளம்பும்.

ஒரு சம்பவம் சொல்றேன், எந்த யார்டுன்னு வேண்டாம். நல்ல மழை, ராத்திரி ரெண்டு மணி, ரேக்க எனக்கு ஒப்படைச்சாச்சு, எல்லாம் பாத்தாச்சு சார்னுட்டாங்க. நான் சும்மா ஒரு நடை போயிட்டு வருவோம்னு குடையப் புடிச்சிட்டு கிளம்பினேன், பன்னெண்டாவது டேங்க் பக்கத்துல போனதும் மூக்குல சுர்ருனு ஏறுது. டார்ச் அடிச்சா கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, மழைத்தண்ணிதான் சொட்டுது. கீழ் வால்வுகிட்ட குனிஞ்சு பாத்தா சொட்டுற தண்ணில வானவில் கலர். அவ்வளவுதான், மூணு மணி நேரம் லேட், எல்லார்கிட்டயும் திட்டு, ஆனா அந்த ஒரு வண்டிய கழட்டி ஓரமா வச்சிட்டுத்தான் நகர்ந்தேன்.

இன்னொண்ணு, லூஸ் ஷண்டிங். வண்டிய தள்ளிவிட்டு ஓட்டத்துலயே கழட்டி விடுறது. நம்ம ஊர் டேங்க் வண்டில எழுதியே இருக்கும், லூஸ் ஷண்டிங் பண்ணக்கூடாதுன்னு. உங்க மேசையில கையால தள்ளி டொக்குனு மோத விடுறீங்கன்னா அதையும் நிறுத்துங்க. மெதுவா போய் ஒட்டி, நின்னு, அப்புறம் கழட்டணும்.

டேங்க்கார்_தாசன்:

மாமா கலக்கிட்டீங்க 🙏 அமெரிக்காலயும் இதே கதைதான், அங்க 174.9னு இருக்கு, ஆபத்தான சரக்க ஏத்துக்கிற இடத்துலயும் டிரெயின்ல சேக்குற இடத்துலயும் தரையில நின்னு சுத்திப் பாக்கணும், பிளகார்டு இருக்கா, மூடியெல்லாம் இறுகியிருக்கா, ஒழுகுதான்னு. வெடிபொருள் வண்டிய ஓட்டத்துல கழட்டிவிடவே கூடாதுன்னும் எழுத்துல இருக்கு. எல்பிஜிக்கு அந்த அளவு கண்டிப்பு இல்ல, ஆனா நாங்க எங்க மேசையில பிளகார்டு உள்ள எல்லாத்துக்கும் அதே மரியாதை குடுத்துடுறோம், ஞாபகம் வச்சுக்க ஈசி.

மிசிசாகா கேள்விப்பட்டிருப்பீங்க, கனடாவுல டொரன்டோ பக்கத்துல, 1979 நவம்பர் 10 நள்ளிரவு. ஒரு வண்டில ஆக்சில் பேரிங் காஞ்சு சூடேறி அச்சு முறிஞ்சு டிரெயின் தடம் புரண்டுச்சு, புரோப்பேன் டேங்க் வெடிச்சுது, பக்கத்துல ஒரு குளோரின் டேங்க்ல ஓட்டை. 2 லட்சத்துக்கு மேல ஜனங்கள வீட்ட விட்டு கிளப்பினாங்க, நல்லவேளை ஒரு உயிர் போகல. ஒரே ஒரு காஞ்ச பேரிங் மாமா.

யார்டு_மாமா:

ஹாட் ஆக்சில். அந்த நாத்தம் ஒரு தடவை மூக்குல ஏறிடுச்சுன்னா சாகுற வரைக்கும் மறக்காது.

கோடம்பாக்கம்_கப்ளர்:

வண்டிய எங்க வைக்கணும்னு அவங்க சொல்லிட்டாங்க, நான் வண்டியப் பத்தி சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் எந்த டேங்க் எந்த சரக்குக்குன்னே பாக்காம வேபில் எழுதிடுறாங்க.

டேங்க் காருக்கு அடியில நடுவுல குழாய் மாதிரி ஒரு வால்வு தொங்குதா பாருங்க. தொங்குச்சுன்னா அது சாதாரண டேங்க், எண்ணெய், ஆல்கஹால், காஸ்டிக் சோடா மாதிரி ஐட்டத்துக்கு. எல்பிஜி, குளோரின், அமோனியாவுக்கெல்லாம் பிரஷர் டேங்க், அடியில ஒண்ணுமே இருக்காது, எல்லா வால்வும் மேல ஒரு உருண்டை மூடிக்குள்ள. அப்புறம் சைஸ். எல்பிஜி லேசு, அதனால 33,000 கேலன் புடிக்கிற பெரிய உருளை. சல்ஃப்யூரிக் ஆசிட் தண்ணிய விட கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம், அதனால ஆசிட் டேங்க் குட்டையா இருக்கும், டேங்க் பெருசா இருந்தா சக்கரம் தாங்காது. நீள எல்பிஜி டேங்க்ல ஆசிட்னு வேபில் போட்டா தெரிஞ்சவன் கண்டுபிடிச்சிடுவான்.

பிளகார்டு நாலு, ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு முனைக்கும். நெஜத்துல 10¾ இஞ்ச் சைஸ், ஹெச்ஓக்கு 87ஆல வகுத்தா 3 மில்லிமீட்டர் சொச்சம் வருது. உங்க வருஷம் 1985ங்கறதால என்ன சரக்குன்னு சொல்ற நாலு இலக்க நம்பர் போடலாம், எல்பிஜிக்கு 1075, குளோரின் 1017, அமோனியா 1005. யாராவது 1960கள் ஓட்டுறீங்கன்னா இந்த நம்பர் போடாதீங்க, அப்ப கிடையாது. காலி டேங்குக்கு உங்க காலத்துல தனி பிளகார்டு இருக்கும், அதனால திருப்பிப் போடுற மாதிரி செஞ்சுக்குங்க. நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு திருவல்லிக்கேணில ஒரு ஜெராக்ஸ் கடைல ஸ்டிக்கர் ஷீட்ல லேசர் பிரிண்ட் எடுத்தேன், ஒரு ஏ4ல நானூறு பிளகார்டு, அந்தக் கடைக்கார அண்ணன் இது என்னங்க எறும்புக்கு போஸ்டரான்னு கேட்டார். இங்க்ஜெட்ல எடுக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு மே மாசம் தாங்காது, சிவப்பு ரோஸ் ஆயிடும்.

எண்ணூர் ரோட்ல டேங்கர் லாரி பின்னாடி நின்னிருக்கீங்களா, பெட்ரோல்னா 1203ன்னு போட்டிருக்கும், அது இதே நம்பர் வரிசைதான், உலகம் பூரா ஒண்ணு.

கடைசியா ஒரு தமாஷ். ரேடியோஆக்டிவ் வண்டிய இஞ்சினுக்கும் கபூசுக்கும் ஒட்டி வைக்கக்கூடாதுன்னு இருக்குல்ல, கூடவே இன்னொண்ணும் எழுதியிருக்கான், டெவலப் பண்ணாத ஃபிலிம் ஏத்தின வண்டிக்குப் பக்கத்துலயும் வைக்கக்கூடாதாம். படிச்சிட்டு நான் ஒரு நிமிஷம் எங்க ஏரியாவ நெனச்சுக்கிட்டேன்.

ஓட்டேரி_என்ஸ்கேல்:

பொம்மை ரயிலுக்கு இவ்ளோ சட்டமா சாமி. நான் ஆபீஸ்ல பாக்குற கம்ப்ளையன்ஸ் பத்தாதா. வண்டிய ஓட்டுங்கய்யா சந்தோஷமா.

பெரம்பூர்_ஹெச்ஓ:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், பிரிண்ட் எடுத்து ரூம்ல ஒட்டிட்டேன். ஓட்டேரி ப்ரோ சொல்றதும் புரியுது, எனக்கும் அந்த பயம் இருக்கு.

ஆனா தாசன் ப்ரோ சொன்ன மாதிரி நேத்து ராத்திரி தனியா ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். இன்டர்சேஞ்ச் டிராக்ல பெரிய ரயில்வே விட்டுட்டு போனது வெறும் மூணு எல்பிஜி டேங்க் மட்டும்தான் (அதுவே ஒண்ணொண்ணும் 9 இஞ்ச், டிராக் முக்கால்வாசி ரொம்பிடுது). என் இஞ்சின் கபூசோட தனியா போச்சு. பஃபருக்கு வண்டியே இல்ல! எப்படி எடுக்குறது? அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். எவ்வளவு நாள் அங்கயே விட்டு வைக்கலாம்?

சேத்துப்பட்டு_டிஸ்பாச்சர்:

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் வேடிக்கை பாத்துட்டு இருந்தேன் 😀

மூணு டேங்க்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல, வேபில் கார்டு உங்க கையில இருக்குல்ல. அப்ப ஊர்லேர்ந்து கிளம்பும்போதே கவர் காரோட போகணும். காலி பாக்ஸ் கார் ரெண்டு எங்கயாவது நிக்கும், அத எடுத்துட்டு போங்க. ஏன் ரெண்டுன்னா, ஒண்ணு இஞ்சின் பக்கம், ஒண்ணு கபூஸ் பக்கம். அதுவும் நீங்க அங்க போய் இஞ்சின கழட்டி ரன்அரவுண்ட் அடிச்சு, அதாவது பக்கத்து டிராக் வழியா சுத்தி, இன்னொரு முனைக்கு வருவீங்க, முன்னாடி பின்னாடி மாறிடும், அப்ப ஒரே ஒரு கவர் கார் வச்சிருந்தா அது தப்பான முனையில போய் நிக்கும். கபூஸ்ல ஆள் இல்லன்னா, இல்ல கபூசே வேணாம்னா, ஒண்ணு போதும். நீங்க வந்து நிக்கிற வரிசை, திரும்பும்போது வேண்டிய வரிசை, நடுவுல அஞ்சு வண்டி மட்டும் புடிக்கிற டிராக், இத மனசுக்குள்ள போட்டுப் பாத்துட்டுத்தான் இஞ்சினத் தொடணும். எங்க வீட்ல ஒருத்தன் இதுக்கு தீப்பெட்டிய வரிசையா வச்சு ரிகர்சல் பாக்குறான்.

எவ்வளவு நாள் விடலாம்னா, 48 மணி நேரம். இன்டர்சேஞ்சோ யார்டோ, வந்து சேந்ததுலேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள நகர்த்தியாகணும், சனி ஞாயிறு லீவு நாள் கழிச்சு. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு டிரெயின்தான்னா அடுத்து கிளம்புற முதல் டிரெயின்ல போயாகணும். அதுக்கு நான் என்ன பண்றேன்னா, எங்களுக்கு ஒரு ஓட்டம்னா ஒரு நாள் கணக்கு, பிளகார்டு வண்டி இன்டர்சேஞ்சுக்கு வந்த உடனே வேபில் கார்டுல ஒரு சிவப்பு துணி கிளிப் மாட்டிடுவேன். அடுத்த நாளும் அங்கயே இருந்தா ரெண்டாவது கிளிப். மூணாவது கிளிப் மாட்டுற நிலைமை வந்தா அன்னிக்கு கண்டக்டரா (டிரெயினுக்குப் பொறுப்பா) இருந்தவன்தான் எல்லாருக்கும் டீ.

இதுல நீங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. சாதா பாக்ஸ் கார் இன்டர்சேஞ்ச்ல நின்னா அவசரம் வேற காரணத்துக்கு, அடுத்தவன் வண்டிய வச்சிருக்கிறதுக்கு வாடகை. பழைய காலத்துல நடுராத்திரி 12 மணிக்கு யார்கிட்ட வண்டி இருக்கோ அவன் அந்த நாள் காசக் குடுக்கணும், அதனால பதினொன்றரை மணிக்கு அடிச்சுப் புடிச்சு பக்கத்து ரயில்வே டிராக்ல தள்ளிட்டு வந்துடுவாங்க. டேங்க் கார் அப்படி இல்ல, பெரும்பாலும் ரயில்வேக்கு சொந்தமே கிடையாது, தனியார் வண்டி, எழுத்துக் கடைசில எக்ஸ்னு முடியும் பாருங்க, யூடிஎல்எக்ஸ், ஜிஏடிஎக்ஸ்னு. அதுக்கு ஓடின மைலுக்குத்தான் காசு. அதனால டேங்க் காருக்கு வாடகை துரத்தாது, 48 மணி நேரம்தான் துரத்தும். ஒரே டிராக்ல நிக்கிற ரெண்டு வண்டிக்கு ரெண்டு விதமான அவசரம், எத முதல்ல எடுக்குறீங்கங்கறதுலயே ஒரு சண்டை வரும்.

அப்புறம் பேப்பர். டிரெயின்ல எத்தனாவது வண்டி ஆபத்தான சரக்குன்னு எழுதின லிஸ்ட் ஓட்டுறவங்க கையில இருக்கணும், வழியில ஒண்ண கழட்டினாலோ சேத்தாலோ அந்த நம்பர திருத்தணும், ஏன்னா ஏதாவது ஆச்சுன்னா ஃபயர் சர்வீஸ்காரன் முதல்ல கேக்குறது அந்தப் பேப்பரத்தான். நாங்க ஒரு துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதுறோம், 3 எல்பிஜி 1075, 4 எல்பிஜி 1075, அவ்வளவுதான். நான் டிஸ்பாச்சரா, எல்லா டிரெயினையும் கட்டுப்படுத்துறவனா, உக்காந்திருக்கும்போது திடீர்னு கேப்பேன், இப்ப உன் டிரெயின்ல மூணாவது என்ன? சீட்டப் பாத்து சொல்லணும், டிரெயினப் பாத்து சொல்லக்கூடாது.

ஓட்டேரி சொன்னதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா கண்டிப்பா கடுப்பாயிடும். முதல் வாரம் பஃபர் மட்டும். அது கை வந்தப்புறம் கிளிப். அப்புறம் சீட்டு. ஆனா ஒண்ணு மட்டும் நான் சேக்கவே மாட்டேன், சில பேர் தாயக்கட்டை உருட்டி "ஒண்ணு விழுந்தா டேங்க் வெடிச்சிடுச்சு"ன்னு விளையாடுவாங்க, வீடியோல்லாம் போடுவாங்க, எனக்கு அது புடிக்காது. வேணும்னா பத்து கார்டுல ஒண்ணுல பின்பக்கம் "பேட் ஆர்டர்"னு (பழுதான வண்டின்னு அர்த்தம்) எழுதி வைங்க, சுத்திப் பாக்குறவன் திருப்பிப் பாத்தாத்தான் தெரியணும்.

பெரம்பூர்_ஹெச்ஓ:

நேத்து ஞாயிறு ஓட்டினோம், அப்டேட் சொல்றேன்.

பஃபர் மட்டும்தான் போடலாம்னு இருந்தோம், ஆனா பசங்க மாமா கதையப் படிச்சிட்டு சுத்திப் பாக்குறதும் வேணும்னு ஒரே அடம். சரின்னு டிஸ்பாச்சர் சொன்ன மாதிரி ஒரு கார்டுக்குப் பின்னாடி மட்டும் எழுதி வச்சேன். அண்ணன் பையன், பத்தாவது படிக்கிறான், அவன்தான் கண்டக்டர். மொபைல் டார்ச்ச போட்டுக்கிட்டு லேஅவுட் மேல குனிஞ்சு ஒவ்வொரு டேங்கா பாத்துட்டு வர்றான், அடியில வால்வு இருக்கான்னு பாக்குறான், பிளகார்டு நாலும் இருக்கான்னு பாக்குறான். ரெண்டாவது எல்பிஜில சுவர் பக்கம் பிளகார்டு ஒட்டல, நான் சோம்பேறித்தனத்துல யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டிருந்தேன். "சித்தப்பா இத நான் எடுக்க மாட்டேன், பிளகார்டு இல்ல"ன்னு நிறுத்திட்டான். எழுதி வச்ச பேட் ஆர்டர் கார்டு வேற வண்டில இருந்துச்சு, இது நெஜமாவே என் தப்பு. ஓட்டத்த நிறுத்திட்டு ட்வீசர் எடுத்து 3 மில்லிமீட்டர் ஸ்டிக்கர ஒட்டி முடிக்க பதினஞ்சு நிமிஷம்.

அதுக்கப்புறம் ரெண்டு காலி பாக்ஸ் காரோட போயும் ரன்அரவுண்ட்ல கோட்டை விட்டோம். ரெண்டு கவர் காரும் ஒரே முனையில வந்து நின்னுடுச்சு, அத சரி பண்ண பதினொரு தடவை முன்னாடி பின்னாடி. போன வாரம் மொத்த ஓட்டமும் 25 நிமிஷத்துல முடிஞ்சிடும், நேத்து ஒன்றரை மணி நேரம், அதே அஞ்சு வண்டி, அதே டிராக். பஜ்ஜி ஆறிப்போச்சு, ஒருத்தரும் எழுந்துக்கல.

ஓட்டேரி ப்ரோ, வர்ற ஞாயிறு வீட்டுக்கு வாங்க, சும்மா பக்கத்துல உக்காந்து பாருங்க. மாமா, நீங்களும் கண்டிப்பா வரணும், அண்ணன் பையன் உங்களப் பாக்கணும்னு சொல்றான்.

யார்டு_மாமா:

வர்றேன் தம்பி. முட்டி வலி, மாடிப்படி இல்லன்னா சரி. அந்தப் பையன்கிட்ட சொல்லு, சுவர் பக்கத்தப் பாத்தான் பாரு, அதான் வேலை. நாங்கெல்லாம் பிளாட்பார்ம் பக்கத்த மட்டும் பாத்துட்டு கையெழுத்துப் போட்ட ஆளுங்கள நிறைய பாத்திருக்கோம். சாக்பீஸ் நான் கொண்டு வர்றேன்.

ஓட்டேரி_என்ஸ்கேல்:

சரி வர்றேன். பஜ்ஜிக்காக மட்டும். அப்புறம் கோடம்பாக்கம், அந்த பிளகார்டு ஃபைல் என் ஸ்கேலுக்கு 160ஆல வகுத்து அனுப்ப முடியுமா? சும்மா கேக்குறேன்.

கோடம்பாக்கம்_கப்ளர்:

1.7 மில்லிமீட்டர் வருது ப்ரோ. அனுப்புறேன், பூதக்கண்ணாடிய நீங்களே வாங்கிக்குங்க.